கிரா பூசந்திக் குறுக்குவழிகள்: கால்வாய்க் கனவும் பொருளியல் கணக்கும்

முன்னுரை

அந்தமான் கடலுக்கும் தாய்லாந்து வளைகுடாவுக்கும் இடையே மலாய்த் தீபகற்பம் மிகவும் ஒடுங்கி நிற்கும் பகுதி கிரா பூசந்தி ஆகும். அதன் மிகக் குறுகிய அகலம் ஏறத்தாழ 44 கி.மீ. மட்டுமே. இவ்விடத்தை வெட்டிக் கப்பல் வழி அமைத்தால் மலாக்கா நீரிணையைச் சுற்றிச் செல்ல வேண்டுவதில்லை என்னும் எண்ணம் 17ஆம் நூற்றாண்டு முதல் திரும்பத் திரும்ப எழுந்துள்ளது. ஆயினும் ஒரு கால்வாயும் வெட்டப்படவில்லை. இதற்குப் பேரரசுகளின் தடையே காரணம் என்பது பரவலான கருத்து. அத்தடை நீங்கிய பின்னரும் கால்வாய் உருவாகாதது ஏன் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பருவக்காற்றுக் காலத்துக் குறுக்குவழி

கால்வாய் இல்லாத காலத்திலேயே இப்பூசந்தி வணிகத்திற்குப் பயன்பட்டது. ஆன் மரபு வரலாற்றைக் கூறும் சீன நூல், தென்கடல் பயணத்தின் இடையே பத்து நாள்களுக்கு மேல் கால்நடையாகச் சென்றதைக் குறிப்பிடுகிறது. இது தீபகற்பத்தைக் குறுக்கே கடந்த நடை என்று அறிஞர் பலர் கருதுவர். ரானோங் மாநிலத்துப் பூ காவ் தோங் என்னுமிடத்தில் தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த பானையோடு கிடைத்துள்ளது. அதற்குத் தெற்கே குவான் லுக் பாட்டில் கிடைத்த உரைகல், 'பெரும்பதன் கல்' எனப் பொற்கொல்லன் ஒருவனின் உடைமையைக் கூறுகிறது. தக்குவாபாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு அவனிநாரணம் என்னும் குளத்தையும் அதன் காவலுக்கு உரிய மணிக்கிராமத்தாரையும் குறிக்கிறது. முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியில் வரும் தலைத்தக்கோலம் இவ்வூரே என்பது ஆய்வாளர் பலரின் முடிபாகும்.

இச்சான்றுகளைக் கொண்டு பெருமளவுச் சரக்கு இங்கே கரை மாறியது என்று துணிதல் இயலாது. நிலவழி வணிகத்தின் அளவு பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் அக்காலத்துக் குறுக்குவழிக்கு ஒரு பொருளியல் நியாயம் இருந்தது. ஒரு பருவக்காற்றில் வந்த மரக்கலம் நீரிணையைக் கடந்து வடகிழக்கே செல்ல மறுகாற்றுக்காக மாதக்கணக்கில் காத்திருக்க நேரிடும். மணி, பொன், நறுமணப்பொருள் போன்ற எடை குறைந்து விலை மிகுந்த சரக்கிற்கு, சுமந்து நடக்கும் கூலியைவிடக் காத்திருக்கும் காலமே பெருஞ்செலவாகும். நீராவிக் கப்பல் வந்தபோது காற்றுக்குக் காத்திருத்தல் மறைந்தது. பூசந்தியின் பழைய நியாயமும் அதனோடு மறைந்தது. கால்வாய்க் கனவு பெருந்திட்டமாக வளர்ந்தது அதன் பின்னரே என்பது கருதத்தக்கது.

அரசியல் தடை

1677-இல் அயோத்தியா மன்னர் நாராயின் காலத்தில் பிரெஞ்சுப் பொறியாளர் தெ லாமார் இப்பகுதியில் கால்வாய் வாய்ப்பை ஆய்ந்தார். 1793-இல் முதலாம் இராமா மன்னரின் இளவல் இதே கருத்தை முன்வைத்தார். மேற்குக் கரையைப் போர்க்கப்பல்களால் காப்பது அவர் நோக்கம். 1860களில் பிரிட்டிஷாரும், சூயஸின் வெற்றிக்குப் பின் 1880களில் பிரெஞ்சுக்காரரும் நிலத்தை அளந்தனர். சிங்கப்பூரின் நலன் கருதிய பிரிட்டன், 1897-இல் சயாமுடன் செய்த மறைமுக உடன்படிக்கையால் தீபகற்பப் பகுதியில் பிற வல்லரசு காலூன்றாதபடி தடுத்தது. 1946 சனவரி 1-இல் சிங்கப்பூரில் கையெழுத்தான ஒப்பந்தத்தின் 7ஆம் பிரிவு, பிரிட்டனின் இசைவின்றிக் கிராவில் கால்வாய் வெட்டக் கூடாது என வெளிப்படையாகவே விதித்தது.

1954-இல் இத்தடை நீங்கியது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க நிறுவனங்கள் ஏறத்தாழ 100 கி.மீ. நீளக் கால்வாய்க்கு விரிவான ஆய்வு செய்தன. அணு வெடிகளால் நிலத்தை அகழும் வழியும் அதில் ஆராயப்பட்டது. தாய்லாந்து விரும்பினால் வெட்டலாம் என்ற நிலை வந்து எழுபது ஆண்டுகள் கடந்தன. ஆகவே, தடையை மட்டும் காரணமாகக் கூறுதல் பொருந்தாது.

தொலைவும் காலமும்

சூயஸ் கால்வாய் இலண்டன்–மும்பை வழியில் 7,000 கி.மீ.-க்கும் மேல் குறைத்தது. கிரா கால்வாய் குறைக்கக்கூடியது சுமார் 1,200 கி.மீ. மணிக்கு 14 கடல்மைல், அதாவது 26 கி.மீ. வேகத்தில் செல்லும் கப்பலுக்கு முன்னது 11 நாள். பின்னது 46 மணி நேரம். இந்த 46 மணியும் முழுமையாக மிஞ்சாது. 100 கி.மீ. கால்வாயை அரை வேகத்தில் கடக்க 8 மணி ஆகும். கடலில் அத்தொலைவுக்கு 4 மணி போதும். வழிகாட்டி மாலுமியை ஏற்றுதல், முறைக்குக் காத்திருத்தல் ஆகியவற்றையும் கழித்தால் மிச்சம் ஏறத்தாழ ஒன்றரை நாள்.

இந்த ஒன்றரை நாளின் எரிபொருளும் கப்பல் வாடகையுமே கால்வாய் பெறக்கூடிய சுங்கத்தின் உச்ச வரம்பு. அதற்கு மேல் கேட்டால் கப்பல் வராது. சூயஸின் போட்டி வழி நன்னம்பிக்கை முனை. கிராவின் போட்டி வழியோ மலாக்கா நீரிணை. அங்கே கடந்து செல்வதற்கு மட்டும் கட்டணம் விதிக்க 1982-ஆம் ஆண்டின் கடற்சட்ட உடன்படிக்கை இடமளிப்பதில்லை. மேலும், 2023-இல் 3.9 கோடிக் கொள்கலன் அலகுகளைக் கையாண்ட சிங்கப்பூரில் சரக்கு மாற்றவும் எரிபொருள் நிரப்பவும் நிற்கும் கப்பல்களுக்கு அத்துறை சுற்றுவழி அன்று, அதுவே சேருமிடம்.

வெட்டப்பட்ட பூசந்தி எல்லாம் பொருள் ஈட்டியதும் இல்லை. 1893-இல் திறந்த கொரிந்து கால்வாய் குறுகலாக அமைந்ததால் எதிர்பார்த்த கப்பல்களைப் பெறாமல் நட்டமடைந்தது. 2005-இல் தொடங்கி நின்றுபோன சேதுசமுத்திரத் திட்டத்திலும், மெதுவாகக் கடக்கும் நேரத்தைக் கழித்தபின் மிஞ்சுவது எவ்வளவு என்னும் வினாவே எழுந்தது.

1943: கட்டப்பட்ட ஒரே குறுக்குவழி

நவீன காலத்தில் கப்பல் வழிக்கு மாற்றாக இங்கே கட்டி முடிக்கப்பட்ட ஒன்று உண்டு. நீரிணையில் நேசநாட்டு நீர்மூழ்கிகளுக்கு அஞ்சிய ஜப்பானியப் படை, சும்போனிலிருந்து மேற்கே கிரா ஆற்றங்கரை வரை சுமார் 90 கி.மீ. இருப்புப்பாதையை 1943-இல் சில மாதங்களில் அமைத்தது. மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தொழிலாளர் அதில் உழைத்தனர். அவர்களுள் தோட்டத் தமிழர் பலர். சயாம் மரண இரயிலைப் பற்றி ஓரளவேனும் எழுதியுள்ள நாம் இப்பாதையைப் பெரிதும் மறந்தோம். விமானக் குண்டுவீச்சுக்கு உள்ளான அப்பாதை போருக்குப் பின் நிலைக்கவில்லை. போர்க்கால அவசரத்தில் உழைப்புக்கு விலை வைக்காதபோதுதான் இக்குறுக்குவழி இயலக்கூடியதாகத் தோன்றியது என்பதே இதன் பொருளியல் பாடம்.

நிலப்பாலம்

2023-இல் பிரதமர் சிரேத்தா தவிசின் வெளிநாட்டு முதலீட்டாளர் முன் வைத்த திட்டம், கால்வாயை விடுத்து ரானோங், சும்போன் துறைமுகங்களை நெடுஞ்சாலையாலும் இருப்புப்பாதையாலும் இணைப்பதாகும். மதிப்பீடு ஏறத்தாழ 1 லட்சம் கோடி பாட். இங்குச் சரக்கு இருமுறை கை மாறுகிறது. ஒரு கப்பல் 10,000 கொள்கலன்களை இறக்கி, ஒரு தொடர்வண்டி 100 கொள்கலன்களை ஏற்றுவதாகக் கொண்டால் 100 வண்டிகள் ஓடவேண்டும். மறுகரையில் வேறொரு கப்பல் காத்திருக்க வேண்டும். மிஞ்சும் ஒன்றரை நாள் இதிலேயே கரைந்துவிடக் கூடும். தென்தாய்லாந்தின் சொந்த ஏற்றுமதிக்கும் தொழில் வளர்ச்சிக்கும் இத்துறைகள் உதவலாம். ஆனால், அது நீரிணைக்கு மாற்று என்னும் வாதத்தினின்று வேறானது. அதற்குரிய கணக்கும் வேறு. ரானோங்கின் அலையாத்திக் காடுகளையும், அக்கடலில் வாழும் மோக்கன் மக்களையும், மீனவரையும் அக்கணக்கில் சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

முடிவுரை

குறுக்குவழியின் மதிப்பை நில அகலம் முடிவு செய்வதில்லை. மாற்றுவழியில் செலவாகும் காலமே முடிவு செய்கிறது. மணிக்கிராமத்தார் காலத்தில் அது மாதங்கள். இன்று ஒன்றரை நாள். இந்த வீழ்ச்சியே கிரா கால்வாய் வெட்டப்படாமைக்கு அடிப்படைக் காரணம். பேரரசுத் தடை அதனை நெடுங்காலம் மறைத்து நின்றது. பழந்தமிழ் வணிகச் சான்றுகளை இன்றைய திட்டங்களுக்கு ஆதரவாக எடுத்துக்காட்டுவோர் இவ்வேறுபாட்டை மனங்கொள்ளுதல் வேண்டும். 1943-ஆம் ஆண்டுப் பாதையில் உழைத்து மாண்ட தமிழரின் வரலாறு, மலேசியாவிலும் தாய்லாந்திலும் எஞ்சியுள்ள ஆவணங்களைக் கொண்டு தனியே எழுதப்பட வேண்டும். நிலப்பாலத்திற்காக அதே நிலம் மீண்டும் அகழப்படும் முன் அப்பணி தொடங்குதல் நன்று.