ஓய்மாநாட்டுத் தேறல் முதல் ஓமந்தூரார் மதுவிலக்கு வரை

திண்டிவனம், ஓமந்தூர், மரக்காணம் ஊர்களைக் கொண்ட வட்டாரத்துக்குச் சங்க காலத்தில் ஓய்மாநாடு என்று பெயர். அதை ஆண்ட நல்லியக்கோடனின் ஊரான கிடங்கில், இன்று திண்டிவனத்துக்குள் அடங்கிய கிடங்கல். அவனுடைய எயிற்பட்டினத்தை மரக்காணம் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். அவனைப் பாடிய சிறுபாணாற்றுப்படை இப்பகுதியின் மதுவைப் பற்றிய மிகப் பழைய சான்றுகளில் ஒன்று. அலை கரையொதுக்கிய மணமுள்ள மரத்தை விறகாக்கித் தீ மூட்டுகிறார்கள். நுளையர் வீட்டுப் பெண் நாள்பட்ட தேறலை வடித்தெடுக்கிறாள். பரதவர் அதை விருந்தினருக்கு ஊட்டி, சுட்ட குழல்மீனும் தருகிறார்கள். விருந்துக்காகப் பதப்படுத்தி வைத்திருந்த பானம் என்பது அந்தக் காட்சியிலேயே தெரிகிறது.

அந்தத் தேறல் எதிலிருந்து இறக்கப்பட்டது என்று நூல் சொல்லவில்லை. பிற்காலத்தில் இவ்வட்டாரத்தின் குடி பனங்கள்தான். கிராமணிகள் பரம்பரையாகப் பனை ஏறினார்கள். காலில் தளைநார், இடுப்பில் பாளை அரிவாள். பாளையை இடுக்கியால் நசுக்கிப் பதப்படுத்தி, நுனியைக் காலையும் மாலையும் மெல்லிய சீவலாகச் சீவிவிட்டால் சாறு சொட்டத் தொடங்கும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் சாறு புளிக்காது. கிடைப்பது பதநீர், அதைக் காய்ச்சினால் கருப்பட்டி. சுண்ணாம்பு இல்லாத கலயத்தில் காற்றிலும் மண்ணோட்டிலும் உள்ள ஈஸ்ட் உடனே வேலையைத் தொடங்கிவிடும். விடியலில் இறக்கிய கள் இனிப்பாக இருக்கும். வெயில் ஏற ஏற நுரைத்துப் புளிப்பேறும், மாலையில் கடுக்கும், மறுநாள் காடியாகிவிடும். நன்றாகப் புளித்த கள்ளிலும் சாராயச் சத்து ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்துதான், அதாவது இன்றைய லாகர் பீரின் அளவு.

பருவத்தில்தான் கள்ளும் லாகரும் எதிர்த்திசை. பவேரியாவில் 1553இல் வந்த ஆணை ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சத் தடை விதித்தது. அதனால் மார்ச்சில் காய்ச்சிக் குளிர்ந்த நிலவறையில் வைத்திருந்ததை அங்கே இலையுதிர் காலத்தில் குடித்தார்கள். பனையோ தை, மாசியில் பாளை விட்டு ஆனி, ஆடியோடு ஓய்ந்துவிடும். ஐப்பசி மழையில் வழுக்கும் மரத்தில் ஏறுபவர் இல்லை. கார்த்திகையில் பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கிப் பிள்ளைகள் சுற்றும் மாவலிதான் அந்த நாட்களில் பனை தரும் கொண்டாட்டம். லாகருக்கு வேண்டிய குளிர் தமிழ்க் கடற்கரையில் எந்த மாதத்திலும் கிடையாது. அதனால் ஆங்கிலேயர் பீர் ஆலைகளுக்கு நீலகிரியையும் பெங்களூரையும் நாடினார்கள். அப்படிப்பட்ட ஆலைகள் சில 1915இல் ஒன்றுசேர்ந்து யுனைடெட் புரூவரீஸ் ஆயின.

கள் அரசுக்குப் பெரும் காசாக மாறியது ஆங்கிலேயர் காலத்தில். 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டத்தின் கீழ் ஏறும் மரத்துக்கு மரவரி, விற்கும் கடைக்கு ஏலக் குத்தகை. ஏறுபவர் கூலியாளானார், லாபம் குத்தகைக்காரருக்குப் போனது. 1930களில் மாகாண வருவாயில் ஏறக்குறைய கால்பங்கு மதுவால் வந்தது. மதுவிலக்கு கேட்டவர்களுக்கு எதிரே நின்ற முதல் தடை இந்தக் கணக்குதான். அப்போதைய மாகாணப் பிரதமர் ராஜாஜி 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். இழப்பை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. மதுவிலக்கு இரண்டாம் உலகப் போரின்போது கைவிடப்பட்டது. அதற்காக வந்த வரி மட்டும் நிலைத்துவிட்டது.

மதுவிலக்கை மாகாணம் முழுவதற்கும் கொண்டுபோனவர் இந்தப் பனங்காட்டு மண்ணின் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. ஓமந்தூரில் 1895இல் பிறந்த ஓ.பி. ராமசாமி ரெட்டியார் 1947 மார்ச்சில் சென்னை மாகாணப் பிரதமர் ஆனார். எளிய வாழ்க்கை, ரமணரிடம் பக்தி, சிபாரிசுக்கு இளகாத மனம். கோயில் நுழைவுச் சட்டமும் தேவதாசி முறை ஒழிப்பும் அவர் காலத்தவை. முன்பே சில மாவட்டங்களில் மீண்டும் தொடங்கியிருந்த மதுவிலக்கு 1948 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளன்று, மாகாணம் எங்கும் நடைமுறைக்கு வந்தது. காந்தி கொல்லப்பட்டு ஓராண்டுகூட ஆகாத நேரம். எதிர்த்துப் பேச அரசியலில் எவருக்கும் எளிதாக வாய் வரவில்லை. மரமேறிகளுக்குப் பதநீர் இறக்க அனுமதியும் பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்களும் மாற்று வழியாகத் தரப்பட்டன. ஆனால் மண்பானைக் கள்ளையும் பல மடங்கு வீரியமுள்ள சாராயத்தையும் சட்டம் ஒரே தட்டில் வைத்தது. நோக்கத்தில் குறை சொல்ல இடமில்லாத அந்தச் சட்டத்தின் பெரிய பலவீனம் அதுவே.

இன்னொரு பலவீனம் ஓமந்தூருக்குப் பக்கத்திலேயே இருந்தது. புதுச்சேரி அப்போது பிரெஞ்சு ஆட்சியில். அதன் கொம்யூன்கள் எனும் நிர்வாகப் பிரிவுகள் தென்னார்க்காட்டுக் கிராமங்களோடு துண்டு துண்டாகப் பின்னிக் கிடந்தன. ஒரு வயலில் குற்றமானது அடுத்த வயலில் வணிகம். 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சு நிர்வாகம் போன பிறகும் புதுச்சேரி தனி ஆட்சிப்பகுதியாகவே நீடித்தது. மதுவிலக்கு அங்கே வரவில்லை. ஓமந்தூராரோ 1949 ஏப்ரலில் பதவி விலகி, பின்னர் வடலூரில் வள்ளலார் பணியில் ஈடுபட்டு 1970இல் மறைந்தார்.

அவர் மறைந்த மறு ஆண்டே, 1971 ஆகஸ்ட் இறுதியில், கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்தியது. சில ஆண்டுகளில் கடைகளைத் திரும்ப மூடியது. 1981இல் எம்.ஜி.ஆர். அரசு கள், சாராயக் கடைகளைத் திறந்தது. 1983இல் மது மொத்த விற்பனைக்கு அரசின் டாஸ்மாக் நிறுவனம் அமைந்தது. கள்ளுக்கு 1987 ஜனவரி 1 முதல் தடை. அது இன்றும் நீடிக்கிறது. 2003 முதல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கைக்கு வந்தது. ஆலையில் காய்ச்சிப் புட்டியில் அடைத்த பீரை அரசே விற்க, மரத்திலிருந்து இறங்கும் கள் குற்றமாயிற்று. விக்கிரவாண்டிப் பக்கம் பூரிகுடிசை, நரசிங்கனூர் பனையேறிகள் இந்த முரணை எடுத்துச் சொல்லிக் கள்ளுக்கு அனுமதி கேட்டு வருகிறார்கள். 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் பத்துக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தபோது அந்தக் கோரிக்கை மறுபடி பேசப்பட்டது. தமிழ்நாட்டில் இப்போதும் சுண்ணாம்புக் கலயத்துப் பதநீருக்குத்தான் அனுமதி. புதுச்சேரியில் கள்ளுக்கடைகளை அரசு ஏலம் விடுகிறது.