அப்காரி, கோழ, நலமுரண்

கேரளத்தின் மதுச்சட்டம் இன்றும் 'அப்காரி' என்னும் பாரசீகப் பெயரையே தாங்கி நிற்கிறது ('ஆப்' நீர், 'கார்' தொழில்). கொல்லம் ஆண்டு 1077இல் கொச்சி அரசு இயற்றிய இச்சட்டம் 1967இல் மாநிலம் முழுமைக்கும் உரியதாயிற்று. உரிமம் அரசின் கையில். ஐயமும் அங்கேயே பிறக்கிறது.

2014இல் தரக்குறைவு காரணமாக 418 மதுக்கூடங்களின் உரிமம் புதுப்பிக்கப்படவில்லை. அவற்றைத் திறப்பதற்கென நிதியமைச்சர் கே. எம். மாணிக்கு ஒரு கோடி ரூபாய் தரப்பட்டதாக மதுக்கூட உரிமையாளர் சங்கத்தின் பிஜு ரமேஷ் அக்டோபரில் குற்றஞ்சாட்டினார், மாணி மறுத்தார். மலையாள இதழ்கள் இதனைப் 'பார் கோழ' என வழங்கின. கோழ என்பது கைமாறிய பணம். அதற்குச் சான்று வேண்டும். போதிய சான்றில்லை என்றே விசாரணைப் பிரிவு அறிக்கை தந்தது.

2015 நவம்பர் 9இல் உயர்நீதிமன்றத்தில் எழுந்த வினாவோ வேறு: தம்மை விசாரிக்கும் துறையும் அடங்கிய அமைச்சரவையில் ஒருவர் நீடிக்கலாமா? சீசரின் மனைவி ஐயத்திற்கு அப்பாற்பட்டவளாதல் வேண்டும் என்னும் உரோமானிய வழக்கை நீதிபதி கமால் பாஷா எடுத்தாண்டார். மொழிபெயர்ப்பாளர் இவ்விடத்து 'ஊழல்' என எழுதின் குற்றம் மெய்ப்பட்டதாகத் தொனிக்கும். 'நலமுரண்' எனின் பதவிநிலை மட்டுமே சுட்டப்படும். வினா அந்நிலை பற்றியதேயாகும்.

மறுநாள் மாணி பதவி விலகினார். 2019இல் அவர் மறையும்வரை குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படவில்லை.