திருப்பனந்தாள் உரை வழக்கு

சாதி இழிவை எதிர்த்துப் பேசுவதற்கும் சமூகங்களுக்கிடையே பகை மூட்டுவதற்கும் நடுவிலுள்ள எல்லை எது என்ற கேள்வியைக் காவிரிப் படுகையில் எழுப்பிய குற்ற வழக்கு இது. தஞ்சாவூர் மாவட்டம், கும்பகோணத்துக்கு அருகிலுள்ள திருப்பனந்தாளில் 2019 ஜூன் 5 அன்று நீலப்புலிகள் இயக்க நிறுவனர் உமர் பாரூக்கின் நினைவு நாள் கூட்டம் நடந்தது. அதில் பேசிய திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித், சோழ அரசன் முதலாம் இராசராசனின் ஆட்சியைத் தலித் மக்களின் இருண்ட காலம் என்றார். அவர்களின் நிலம் பறிபோனதும் தேவதாசி முறை வளர்ந்ததும் அப்போதுதான் என்றார். திருப்பனந்தாள் காவல் நிலையம் இந்திய தண்டனைச் சட்டத்தின் 153, 153அ பிரிவுகளில் வழக்குப் பதிந்தது.

அவர் சொன்னதற்குச் சான்று உண்டா? தஞ்சைப் பெரிய கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களில் இறையிலியாக நீக்கப்பட்ட இடங்களை இராசராசனின் கல்வெட்டுகள் வரிசையாகச் சொல்கின்றன: ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு; அவற்றோடு பறைச்சேரி, தீண்டாச்சேரி. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தஞ்சையில் 'தீண்டா' என்ற சொல்லோடு ஒரு குடியிருப்பு கணக்கில் ஏறியிருந்தது. இதைக் கல்லில் வெட்டியவர் அரசனின் ஆட்கள்; இதை எடுத்துக்காட்டுவது அவதூறு ஆகாது. தேவதாசி பற்றிய பேச்சுக்கு மறுப்புச் சொல்லவும் அதே கல்வெட்டுகளில் இடமுண்டு. கோயில் பணிக்கு அமர்த்தப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கும் தனித்தனி வீடு, ஆளுக்கு ஒரு பங்கு. ஒரு பங்கு என்பது ஒரு வேலி நிலத்தின் விளைச்சலாக 100 கலம் நெல். நிலப்பறிப்பு எப்போது, எவரால் நடந்தது என்பதிலும் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. வாதாட வேண்டியவர்கள் கல்வெட்டோடு வந்திருக்கலாம். காவல் நிலையத்துக்குப் போனதுதான் தவறு.

வரலாற்று நூல்களில் உள்ளதையே பேசியதாக ரஞ்சித் மனுவில் கூறினார். சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை முதலில் முன்பிணை வழங்கியது. 2021இல் வழக்கையே ரத்து செய்தது.

சமூகங்களுக்கிடையே பகை மூட்டுவதைக் குற்றமாக்கும் 153அ பிரிவை 1898இல் ஆங்கிலேய அரசு சேர்த்தது. மனிதரைப் பிறப்பால் இழிவுபடுத்துவதைத் தடுக்க அப்படியொரு சட்டம் தேவைதான். ஐரோப்பாவில் யூத வெறுப்பு என்ன செய்தது என்பதை உலகம் கண்டிருக்கிறது. 1959 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஜெர்மனியின் கொலோன் நகர யூதக் கோயிலில் ஸ்வஸ்திகா கிறுக்கப்பட்டு, அந்த வெறி பல நாடுகளுக்கும் பரவியது. அதன் பின்விளைவாகவே 1965இல் ஐக்கிய நாடுகள் அவை இனப் பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கையை ஏற்றது. இன மேன்மை பேசிப் பரப்புவதைக் குற்றமாக்கும் அதன் 4ஆவது விதி, மனித உரிமைப் பிரகடனத்தின் உரிமைகளையும் மனத்தில் கொள்ளச் சொல்கிறது. பேச்சுரிமை அவற்றில் ஒன்று. இஸ்ரேல் அரசைக் கண்டிப்பது வேறு, யூதரை யூதராகப் பிறந்ததற்காக வெறுப்பது வேறு. அதுபோலவே சோழ அரசனைக் குறை சொல்வது வேறு, வாழும் ஒரு சாதியாரை இழித்துரைப்பது வேறு.

அந்த உடன்படிக்கையில் பாகுபாட்டின் அடிப்படைகளில் ஒன்றாக 'வம்சாவளி' என்ற சொல்லைச் சேர்க்கச் செய்தது இந்தியாவே. 1968 டிசம்பர் 3 அன்று இந்தியா அதற்கு ஒப்புதல் அளித்தது. அதே மாதம் 25ஆம் தேதி இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டுப் போராடிய தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட நிலக்கிழார்களை உயர் நீதிமன்றம் 1973இல் விடுவித்தது. வம்சாவளியில் சாதியும் அடங்கும் என்று உடன்படிக்கைக் குழு 2002இல் விளக்கம் தந்தும், சாதி இனமல்ல என்ற நிலையிலேயே இந்திய அரசு நிற்கிறது.

சாதி வசைக்கு உள்நாட்டில் தனிச் சட்டம் உண்டு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் (1989), பொதுப் பார்வைக்குட்பட்ட இடத்தில் அவர்களை வேண்டுமென்றே அவமதிப்பதைக் குற்றமாக்குகிறது. வீட்டின் நான்கு சுவர்களுக்குள், வெளியார் எவரும் இல்லாதபோது பேசியது அதில் வராது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் வரம்பு வகுத்தது. 153அ பிரிவில் அத்தகைய வரம்பு இல்லை. எந்தத் தரப்பும் எவர் மீதும் அதை ஏவலாம். 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 196ஆவது பிரிவாக நடைமுறையில் உள்ளது.