இருமொழிக் கரையும் ஒருமொழிப் பத்திரிகையும்

பத்திரிகையின் வரலாற்றை ஆசிரியர்களின் பெயர்வரிசையாகக் கருதுவோர் பலர். அச்சியந்திரம் யாருடையது, முதல் போட்டவர் யார், மக்கள் எம்மொழியில் எழுத்தறிவு பெற்றனர் என்னும் மூன்று வினாக்களை எழுப்பினாலன்றி அவ்வரலாறு விளங்காது. இலங்கையின் புத்தளக் கரை இதற்குத் தக்க சான்று.

கற்பிட்டியில் 1807-இல் பிறந்த சைமன் காசிச்செட்டி, இலங்கையின் ஊர்விவரங்களைத் தொகுத்து 1834-இல் ஆங்கில நூலாக வெளியிட்டவர்; 1838-இல் சட்டநிரூபண சபையில் அங்கத்துவம் பெற்றவர். அவர் 1841-இல் 'உதயாதித்தன்' என்னும் தமிழ் மாத இதழைத் தொடங்கினார். அதே ஆண்டில் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனார் தமிழிலும் ஆங்கிலத்திலுமாக 'உதயதாரகை'யை வெளியிட்டனர். தாரகை பல்லாண்டு ஒளிர்ந்தது. ஆதித்தனோ விரைவில் மறைந்தான். தாரகைக்குப் பின்னே மிஷனின் அச்சுக்கூடமும் பள்ளிக்கூடங்களும் நின்றன. தனியொருவரின் புலமை எத்துணைப் பெரிதாயினும், அது மட்டுமே ஓர் இதழை வாழவைத்துவிடாது.

இருபதாம் நூற்றாண்டில் பத்திரிகை பெருந்தொழிலாயிற்று. டி. ஆர். விஜேவர்த்தனா 1914-இல் சிங்களத் 'தினமின'வை வாங்கினார். 1918-இல் ஆங்கில 'டெய்லி நியூஸ்', 1932-இல் தமிழ்த் 'தினகரன்' ஆகியவை அவரது நிறுவனத்திலிருந்து வெளிவந்தன. சுப்பிரமணியம் செட்டியார் 1930-இல் 'வீரகேசரி'யைத் தொடங்கினார். லேக் ஹவுஸின் ஒரே கூரையின் கீழ் மும்மொழிகளும் அச்சேறின. ஆனால் வாசகர் மும்மொழிச் சந்தைகளாகவே பிரிந்து நின்றனர்.

புத்தளக் கரையின் வாழ்வோ இவ்வாறு பிரிந்ததன்று. தமிழ் பேசும் முஸ்லிம்கள், உடப்பு மீனவர், சிலாபத்துக் கத்தோலிக்கர், சிங்கள உழவர் ஆகியோர் ஒரே சந்தையில் கொள்வதும் கொடுப்பதுமாய் வாழ்ந்தனர். பலருக்கு இருமொழியும் நாவில் இருந்தன. அந்த நாவைப் பள்ளிக்கூடம் பிளந்தது. சிலாபத்துக் கரையில் போதனாமொழி சிங்களமாக மாறவே, தமிழை வீட்டுமொழியாகக் கொண்டிருந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் பல இரண்டொரு தலைமுறையில் சிங்களத்துக்கு மாறின. 1956-இன் தனிச்சிங்களச் சட்டம் அப்போக்குக்கு அரச பலம் சேர்த்தது. பாட்டன் வாசித்த பத்திரிகை பேரனுக்கு வெறுங்காகிதமாயிற்று. உடப்பு தன் தமிழைக் காத்துக்கொண்டது.

1973-இல், இடதுசாரிக் கட்சிகளும் பங்குகொண்ட அரசாங்கம், லேக் ஹவுஸ் பங்குகளில் நூற்றுக்கு 75-ஐச் சட்டத்தின் மூலம் எடுத்துக்கொண்டது. உடைமையைப் பொதுமக்களிடையே பரவலாக்குவதே நோக்கம் எனப்பட்டது. நடந்ததென்ன? முதலாளியின் குரலாயிருந்தது ஆளுங்கட்சியின் குரலாயிற்று. கட்சி மாறியபோதெல்லாம் குரலும் மாறியது. தனியுடைமை ஒழிந்தாலும் மக்களுடைமை தானாக வந்துவிடாது என்னும் பாடத்தை முற்போக்காளர் மறத்தலாகாது.

வலைகட்டுவோரும் உப்பளத் தொழிலாளரும் தம் மொழி எதுவாயினும் ஒரே விலைவீழ்ச்சியால் வாடுகின்றனர். அதை இருமொழியிலும் எடுத்துரைக்கும் ஏட்டினைக் கொழும்பிலிருந்து எதிர்பார்த்திருத்தல் வீண். இருமொழியும் பயின்ற ஆசிரியரும் மாணவருமே அதற்கு முதல்; கரையின் பள்ளிக்கூடங்களில் இருமொழிக் கல்விக்காகப் போராடுவது அதன் முதற்படி.