கோழித்தலையால் நின்ற வெறிநோய்

வெறிநோய்னாலே நமக்கு நாய்தான் ஞாபகம் வரும். ஐரோப்பாவுல அதைப் பரப்பினது நரி. நம்ம குள்ளநரி இல்லைங்க, செந்நரி. ரெண்டாம் உலகப்போர் சமயத்துல போலந்துப் பக்கம் கிளம்பின நோய், வருஷத்துக்கு 20லிருந்து 60 கிலோமீட்டர்னு மேற்கே நகர்ந்து, 1967ல சுவிட்சர்லாந்துக்குள்ள வந்துடுச்சு.

நரி நேரா மனுஷனைக் கடிக்கிறது குறைவு. மாட்டையும் பூனையையும் கடிக்கும். மாடு எச்சில் வடிச்சுக்கிட்டு, விழுங்க முடியாம நிக்கும். தொண்டையில ஏதோ சிக்கியிருக்குன்னு விவசாயி என்ன பண்ணுவான்? கையை உள்ளே விட்டுப் பார்ப்பான். நானும் அப்படிப் பார்த்த ஆள்தான், மாடு வச்சிருக்கிற எல்லாரும் பார்த்திருப்போம். விரல்ல ஒரு கீறல் இருந்தா போதும், அந்த எச்சில் வழியா நோய் ஏறிடும். நோய்க்குறி தெரிஞ்சப்புறம் பிழைக்கிறது அபூர்வம்.

அதனால நரியைச் சுட்டாங்க. வளைக்குள்ள நச்சு வாயு விட்டாங்க. நோய் நிக்கலை. காரணம் நமக்குப் புரியும். ஒரு வயல்ல எலியைப் பிடிச்சு ஒழிச்சா, பக்கத்து வயல் எலி வந்து குடியேறும். காலியான இடத்துக்கு இளம் நரிங்க வந்துச்சு, இடத்துக்குச் சண்டை போட்டுக் கடிச்சுக்கிச்சு, மிச்சம் இருந்தது நிறையக் குட்டி போட்டுச்சு.

நரிக்கு வாய்வழியாத் தடுப்பு மருந்து கொடுக்கலாம்னு அமெரிக்காவுல ஜார்ஜ் பேயர் குழு முன்னாடியே காட்டியிருந்தது. காட்டு நரிக்கு அதை யார் ஊட்டுறது? பெர்ன் நகரத்துக் கால்நடை மருத்துவர் ஃபிரான்ஸ் ஸ்டெக்கும் அவர் கூட்டாளிகளும் கோழித்தலையை எடுத்தாங்க. கறிக்கடையில கழிச்சுப் போடுற தலைதான். அதன் தோலுக்கு அடியில மருந்து அடைச்ச சின்னப் பொட்டலம். நரி கடிச்சா அது உடைஞ்சு மருந்து வாயெல்லாம் பரவும்.

சோதிக்க ரோன் ஆத்துப் பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுத்தாங்க. ரெண்டு பக்கமும் நரி தாண்ட முடியாத மலை. நடுவுல பள்ளம், ஜெனீவா ஏரிப் பக்கமிருந்து மேலே ஏறி வர்ற நோய். மடையை அடைக்கிற மாதிரிதான் யோசனை. 1978 அக்டோபர்ல நோய்க்கு முன்னால சுமார் 4,000 கோழித்தலையைக் கையாலேயே போட்டு வச்சாங்க. நோய் அந்த வேலிகிட்ட வந்து நின்னுடுச்சு. மேல்பள்ளத்தாக்கு தப்பிச்சுது.

அப்புறம் வேலை வேகமாச்சு. 1983ல ஜெர்மனியும் இறங்குச்சு. இயந்திரத்துல செஞ்ச இரை வந்துச்சு, ஹெலிகாப்டர்லயும் விமானத்துலயும் தூவினாங்க. ஸ்டெக் அதைப் பார்க்கக் கொடுத்து வைக்கலை. 1982ல இந்த மருந்து தூவுற வேலையில இருந்தப்பவே ஹெலிகாப்டர் விபத்துல போய்ச் சேர்ந்துட்டார்.

1999ல சுவிட்சர்லாந்து வெறிநோய் இல்லாத நாடுன்னு அறிவிச்சாங்க, 2001ல பிரான்ஸ். நரிங்க அழியலை, பெருகிடுச்சு. இப்ப ஜூரிக் நகரத்துத் தெருவுலயே ராத்திரி நரி திரியுது.