மாயூரத்து முன்சீப்பும் பினாங்குக் கரையும்



பினாங்கு லைட் தெருவில், நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு பளிங்கு நினைவுச் சின்னம் நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1869ஆம் ஆண்டு மறைந்த வழக்கறிஞர் ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகனுக்காக எழுப்பப்பட்டது. வெள்ளையர் அல்லாத எளியவர்களுக்காகவும் வாதாடியவர் என்பதால் ஊரார் அவரை மறக்கவில்லை. மலாயாவின் முதல் நீதிமன்றம் ஏற்பட்டதும் இந்தத் தீவில்தான். 1807இல் ஆங்கில அரசரின் நீதிச் சாசனம் வந்தது. மறு ஆண்டு நீதிமன்றம் திறந்தார்கள்.

அந்த நாளில் ஒரு தமிழன் அங்கே நிறுத்தப்பட்டால் அவன் நிலை என்ன? நீதிபதிக்குத் தமிழ் தெரியாது. இவனுக்கு ஆங்கிலம் தெரியாது. நடுவே ஒரு துபாசி. அவர் வாயில் வருவதுதான் இவனுடைய வாக்குமூலம். அவர் வாயில் வருவதுதான் தீர்ப்பும்.

இந்த அநியாயத்தை வங்கக் கடலின் அக்கரையில், நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு தமிழரே தட்டிக் கேட்டார். மாயூரம் வேதநாயகம் பிள்ளை. தமிழின் முதல் நாவலை எழுதியவர் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு வரியில் சொல்லித் தந்துவிட்டார்கள். அதற்கு மேல் நாமும் கேட்கவில்லை. நம்பிக்கை, துக்கம், நீதி, கலை ஆகிய நான்கையும் ஒரே வாழ்க்கையில் சேர்த்துச் சிந்தித்த கிறிஸ்தவ அறிஞர் அவர். அவருடைய கதை நம் பினாங்குக் கரை வரைக்கும் வருகிறது.

திருச்சிக்கு அருகே குளத்தூரில் 1826இல் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். (பினாங்கும் மலாக்காவும் சிங்கப்பூரும் சேர்ந்து நீரிணைக் குடியேற்றங்கள் ஆனதும் அதே ஆண்டுதான்.) திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகச் சேர்ந்து, மொழிபெயர்ப்பாளராகி, 1857இல் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். பிறகு சீர்காழி, அதன்பின் மாயூரம். மாயூரத்தில் மட்டும் பதின்மூன்று ஆண்டுகள்.

அவரே துபாசியாக இருந்து மேலே வந்தவர் என்பதை மறந்துவிடாதீர்கள். ஏழையின் வார்த்தை எப்படி வேறு மொழியில் சிதைந்து போகிறது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் 1805 முதல் 1861 வரை ஆங்கிலத்தில் இருந்த நீதிமன்றத் தீர்ப்புகளைத் திரட்டித் தமிழாக்கி, 1862இல் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்று வெளியிட்டார். சட்டம் எது என்பதே சாதாரணத் தமிழனுக்குத் தெரியாதிருந்த காலம் அது. லஞ்சத்தைக் கண்டித்து ‘நீதிநூல்’ பாடியவரும் அவரே. அதற்குச் சிறப்புப் பாயிரம் பாடிக் கொடுத்தவர் சைவ மடத்தின் புலவரான மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை.

1879இல் வந்த ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ நாவலிலும் அவர் இந்தக் கேள்வியை விடவில்லை. நீதிபதி தமிழர், வழக்காடுகிறவர் தமிழர், வக்கீலும் தமிழர்; அப்படியிருக்க வழக்கு மட்டும் ஏன் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும் என்று கேலியும் கோபமுமாகப் பல பக்கங்கள் எழுதியிருக்கிறார். கதைக்கு நடுவே இவ்வளவு பிரசங்கமா என்று விமர்சகர்கள் முகம் சுளிப்பதுண்டு. கதை நின்றுதான் போகிறது, உண்மை. ஆனால் அந்த இடத்தில்தான் முன்சீப் தம் சொந்தக் குரலில் பேசுகிறார். எனக்கு அந்தப் பக்கங்களைத்தான் பிடித்திருக்கிறது.

இனி துக்கத்துக்கு வருவோம். மணந்த மனைவியரை ஒருவர் பின் ஒருவராகச் சாவுக்குக் கொடுத்தவர் அவர். 1872இல் வேலையையும் விட்டார். உயிர் நண்பரான மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876இல் மறைந்தார். அதே ஆண்டு வந்தது தாது வருஷப் பஞ்சம். 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் செத்தவர்கள் ஐம்பது லட்சத்துக்கு மேல் என்று கணக்கிடுகிறார்கள். வேதநாயகம் பிள்ளை சொந்தப் பணத்தைச் செலவழித்து மாயூரத்தில் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றினார். நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார், சிவனையே பாடிவந்த அந்த வாயால், இந்தக் கிறிஸ்தவரைப் போற்றி ஒரு கீர்த்தனை பாடினார்.

பஞ்சம் நடந்துகொண்டிருந்த 1878இல்தான் ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்’ வெளிவந்தன. எந்த மதத்தாரும் தம் கடவுளை நினைத்துப் பாடலாம். சமரசம் என்றவுடன் எல்லா மதமும் ஒன்று என்று மேடையில் கைகோத்து நிற்பதாக நாம் எடுத்துக்கொள்கிறோம். மாரியம்மன் கோயிலும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் நடக்கும் தூரத்தில் இருக்கும் ஜார்ஜ்டவுன்காரர்களுக்கு அது எளிதாகவும் படும். ஆனால் அந்தத் தொகுப்பில் பஞ்சத்தைத் தீர்க்கச் சொல்லிக் கடவுளிடம் முறையிடும் பாடலும் இருக்கிறது. கஞ்சிக்கு வரிசையில் நிற்கிறவனிடம் நீ எந்த மதம் என்று கேட்க முடியாது. அவருடைய சமரசம் அங்கே பிறந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

கடவுளை நம்புகிறவன் கடவுளிடமே முறையிடலாமா? நம் காலத்தில் இதைக் கேட்டவர் அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் நிக்கோலஸ் வோல்டர்ஸ்டார்ஃப். அவரும் கிறிஸ்தவர், கலையைப் பற்றியும் நீதியைப் பற்றியும் பெரிய நூல்கள் எழுதியவர். 1983இல் ஆஸ்திரியாவில் மலையேறும்போது அவருடைய மகன் எரிக் விழுந்து இறந்தான். 1987இல் அந்தத் துக்கத்தையே ஒரு சிறு புத்தகமாக எழுதினார். தத்துவம் படித்த மனிதர், ஏன் இப்படி நடந்தது என்பதற்குத் தம்மிடம் பதில் இல்லை என்று ஒப்புக்கொண்டார். ஆனாலும் நம்பிக்கையை விடவில்லை. 1970களில் தென்னாப்பிரிக்கக் கறுப்பர்களும் பாலஸ்தீனர்களும் பேசக் கேட்ட பிறகுதான் நீதியைப் பற்றி எழுதத் தொடங்கியதாகவும் சொல்லியிருக்கிறார். நூறு ஆண்டுக்கு முன்னால் மாயூரத்தில் ஒருவர் கோர்ட்டிலும் கஞ்சித் தொட்டியிலும் கற்ற பாடம் இதற்கு வெகுதூரத்தில் இல்லை.

இவரைக் குறையே இல்லாதவராக்க வேண்டியதில்லை. பெண் கல்விக்காக 1869இலேயே ‘பெண்மதிமாலை’ எழுதியவர், அதே நூலில் கணவனுக்கு அடங்கி நடக்கவும் பெண்ணுக்குப் புத்தி சொல்கிறார். ஆனால் நாவலில் அவருடைய ஞானாம்பாள் ஆண் வேடத்தில் அரசாள்கிறாள். நீதி சொல்லும் புலவரைவிடக் கதை சொல்லும் புலவர் துணிச்சல்காரர்!

சரி, இதெல்லாம் நமக்கு எப்படி வந்து சேர்கிறது? அவர் முதலில் முன்சீப்பாக இருந்த தரங்கம்பாடிக்குத் தெற்கே, அதே கடற்கரையில் இருக்கிறது நாகப்பட்டினம். பினாங்குக்குக் கூலிக் கப்பல்கள் புறப்பட்ட துறைமுகம். பஞ்சமும் கடனும் துரத்த, அங்கே கப்பல் ஏறியவர்கள் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களில் இறக்கிவிடப்பட்டார்கள். கைநாட்டு வைத்த ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? தோட்டத்தை விட்டு ஓடினால் அது குற்றம். பிடித்துவந்து மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்துவார்கள். அங்கே மறுபடியும் ஆங்கிலம், மறுபடியும் துபாசி. மலாயாவில் அந்த ஒப்பந்தக் கூலி முறை 1910இல்தான் முடிவுக்கு வந்தது. வேதநாயகம் பிள்ளை நாவலில் எழுதிய அந்தக் கேலிப் பக்கங்கள் நம் கொள்ளுப்பாட்டன்மாருடைய வழக்குக்கும் பொருந்தும்.

அவர் 1889இல் மறைந்தார். மாயூரம் 1982இல் மயிலாடுதுறை ஆனது. 2020இல் தனி மாவட்டமும் ஆனது. தரங்கம்பாடியும் சீர்காழியும் இப்போது அந்த மாவட்டத்துக்குள்தான். கர்நாடகக் கச்சேரிகளில் அவருடைய கீர்த்தனைகளை இன்றும் பாடுகிறார்கள். கேட்கிறவர்களில் பலர், எழுதியவர் ஒரு கிறிஸ்தவ முன்சீப் என்பது தெரியாமலே தாளம் போடுகிறார்கள்.