பெயரில்லாமல் வந்த புயல்

உலகப் படத்திலே சூறாவளிகளின் பாதைகளைச் சிவப்புக் கோடுகளால் வரைந்து காட்டுவது பூகோள ஆசிரியர்களின் பழைய வழக்கம். எங்கள் வங்காள விரிகுடாவிலும், கரிபியன் கடலிலும், சீனக் கடலிலும் அக்கோடுகள் பின்னிக் கிடக்கும். தென் அமெரிக்காவுக்கும் ஆபிரிக்காவுக்கும் இடையே பரந்து கிடக்கும் தென் அத்திலாந்திக் சமுத்திரமோ வெறுமையாகவே இருக்கும். அங்கு அயனமண்டலச் சூறாவளி தோன்றுவதில்லை என்பது நெடுங்காலம் பாடநூல்கள் கூறி வந்த கூற்று.

அக்கூற்றுக்குக் காரணம் இல்லாமலில்லை. சூறாவளி உருவாகிப் பெருகுவதற்குக் கடல் நீரின் வெப்பம் ஏறக்குறைய 26 பாகை செல்சியசுக்கு மேற்பட்டிருத்தல் வேண்டும் என்பர். தென் அத்திலாந்திக்கின் பெரும்பகுதி அதனிலும் குளிர்ந்தது. மேல்வானிற் கடுங்காற்று வேறு திசையில் வீசி, எழுகின்ற முகிற்கூட்டத்தைச் சிதைத்துவிடும். இரு அரைக்கோளத்துக் காற்றுகளும் வந்து கூடுகின்ற ஒருங்கல் வலயமும் அச்சமுத்திரத்திற் பெரும்பாலும் பூமத்திய ரேகைக்கு வடக்கேயே நின்றுவிடுவதால், புயலுக்கு வித்தாகும் சிறு குழப்பங்களும் அங்கே அரிது.

ஆயினும், நேயர்களே, அரிது என்பது எப்படியோ இல்லை என்று ஆகிவிட்டது. 1960ஆம் ஆண்டில் முதலாவது வானிலைச் செய்மதி பறக்கவிடப்படும் வரையில், அக்கடலில் நடப்பதை அறிவிக்க வழிப்போக்காகச் செல்லும் கப்பல்களைத் தவிர வேறெதுவும் பெரிதாக இருக்கவில்லை. 1991 ஏப்ரிலில் அங்கோலாவுக்கு அப்பால் ஒரு புயல் எழுந்ததைச் செய்மதிப் படங்கள் காட்டின. அது கரை சேராமலே கலைந்துபோயிற்று. மற்றைய சமுத்திரங்களுக்கு மியாமி, புதுடில்லி, தோக்கியோ முதலிய இடங்களில் உலக வளிமண்டலவியல் நிறுவனம் சூறாவளி நிலையங்களை நியமித்திருந்தது. இந்தச் சமுத்திரத்துக்கோ அத்தகைய நிலையம் ஒன்றுமே கிடையாது.

இந்நிலையில்தான் 2004 மார்ச் மாதம் வந்தது. பிறேசிலின் தெற்குக் கரைக்கப்பால் ஒரு தாழமுக்கம் தோன்றியது. அவ்விடத்தில் அது புதுமையன்று. அத்தகையவை வழக்கமாகக் கிழக்கே ஓடி மறைந்துவிடும். இதுவோ தயங்கி நின்று, பின்னர் கரையை நோக்கித் திரும்பியது. கடல் நீர் 24, 25 பாகை அளவிலேயே இருந்தபோதிலும், மேல்வானிற் காற்று வழமைக்கு மாறாகத் தளர்ந்திருந்தமையால் புயல் சிதையாது வலுத்தது. சில தினங்களில், வலஞ்சுழியாகச் சுற்றும் முகில்களின் நடுவே தெளிந்த கண் ஒன்று செய்மதிப் படங்களிலே தென்பட்டது.

இது சூறாவளியே என்றனர் மியாமியிலுள்ள நிபுணர்கள். பிறேசில் நாட்டு வானிலை அறிஞர் சிலர் அதனை ஏற்கவில்லை. அறிஞர் தம்முள் வாதாடுவதை நான் குறை கூறேன். முன்பு கண்டிராத ஒன்றை உடனே ஒப்புக்கொள்ளாதிருப்பது கல்வியாளரின் இயல்பு. ஆனால் கரையிலே வாழைத்தோட்டமும் ஓட்டு வீடுமாக இருப்பவனுக்கு அந்த வாதம் முடியும்வரை காத்திருக்க நேரமில்லை. அவனுக்கு வேண்டியது ஓர் அறிவித்தல். அதனைத் தருவதற்கென்று பொறுப்புள்ள ஒரு குரல். நல்ல வேளையாக உள்ளூர் அதிகாரிகள் முந்திக்கொண்டு எச்சரித்தனர். ஆபத்தான இடங்களிலிருந்தோர் பலர் அகன்றனர்.

மார்ச் 27ஆந் திகதி சனிக்கிழமை இரவு தொடங்கி மறுநாள் அதிகாலை வரையில், சாந்தா கத்தரீனா, ரியோ கிராந்தே தோ சுல் என்னும் இரு மாநிலங்களின் எல்லைப்புறத்திற் புயல் கரையேறியது. ஏறக்குறைய நாற்பதாயிரம் வீடுகள் சேதமுற்றன. அப்பகுதியின் வாழை விளைவிற் பெரும்பகுதி அழிந்தது, நெல்லுக்கும் பெருநட்டம். இத்தனை அழிவிலும் உயிரிழந்தோர் தொகை மிகச் சிறிதே. புயலுக்கு வைக்க ஆயத்தமாக ஒரு பெயர்தானும் இருக்கவில்லை. மாநிலத்தின் பெயரை ஒட்டி மக்கள் அதனைக் 'கத்தரீனா' என்றழைத்தனர். அடுத்த ஆண்டு அமெரிக்காவின் நியூ ஓர்லியன்சை அழித்த 'கத்திரினா' வேறு. இரண்டையும் ஒன்றென மயங்குவோர் உளர்.

அதன் பின்னரும் காரியம் விரைந்து நடந்துவிடவில்லை. 2010 மார்ச்சில் இன்னுமொரு புயல் எழுந்தபோது, தென் பிறேசிலின் வானிலை நிலையங்கள் தம்முட் கூடி அதற்கு 'அனிதா' என்று பெயரிட்டன. 2011ஆம் ஆண்டிலேதான் பிறேசில் கடற்படையின் நீர்நிலையியல் நிலையம் முறையான பெயர்ப் பட்டியலைக் கையாளத் தொடங்கியது. கடற்படைக்கு இவ்வேலை ஏன் என்று கேட்கலாம். தென் அத்திலாந்திக்கின் மேற்குப் பகுதியிற் செல்லும் கப்பல்களுக்கு எச்சரிக்கை விடுக்கும் கடமை பிறேசிலைச் சார்ந்தது. அதனை நிறைவேற்றுவது அந்நாட்டுக் கடற்படை. பெயர்களையோ போர்த்துக்கேயரிடம் தேடாமல், அம்மண்ணின் ஆதிக்குடிகளது தூப்பி மொழியிலிருந்து பெரிதும் எடுத்தனர். அவ்வாண்டு மார்ச்சில் வந்த முதற் புயல் 'அரானி' எனப் பெயர் பெற்றது.

பட்டியல் வெறுமனே கிடக்கவில்லை. பெயர் பெற்றவற்றுட் பெரும்பாலானவை அயனமண்டலப் புயலின் இயல்பைப் பாதியே கொண்டவை. எனினும் 2019இல் 'இபா'வும் 2024இல் 'அக்காரா'வும் முழுமையான அயனமண்டலப் புயல்களாகவே பதிவாயின. 2022 மே மாதத்தில் ரியோ கிராந்தே தோ சுல் கரையை ஒரு புயல் நெருங்கியபோது, அது கரைக்கு வருமுன்னரே அதன் பெயரும் எச்சரிக்கையும் மக்களைச் சென்றடைந்துவிட்டன.

இந்தப் பெயரிடும் எல்லை மேற்கு நெட்டாங்கு 20 பாகைவரையே செல்லுகிறது. 1991ஆம் ஆண்டுப் புயல் எழுந்த அங்கோலாக் கடல் அந்த எல்லைக்கு அப்பால், கிழக்கே கிடக்கிறது.